அளவுகோலின் முன்னே மூன்று பிள்ளைகள்

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்தில், ஒரு காலத்தில் வயல்களாகக் கிடந்த நிலத்திலே அமைந்திருக்கின்றது டிஸ்னிலண்ட். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12ஆந் திகதி அது திறக்கப்பட்டபோது பிரான்சிய அறிஞர் பலர் முகஞ் சுளித்தனர். அமெரிக்க நாகரிகம் தம் வீட்டு முற்றத்திலே கூடாரம் அடித்துவிட்டதென்று அவர்கள் வருந்தினர். பூங்காவின் உணவுச்சாலைகளிலே மது பரிமாறப்படாமையும் அந்நாட்டவர்க்கு ஒரு குறையாக இருந்தது. அடுத்த ஆண்டிலேயே அந்த விதி தளர்த்தப்பட்டது. இன்று அந்த மனஸ்தாபங்கள் பழங்கதையாகிவிட்டன. பிள்ளைகள் உள்ள வீடுகளிலே "எப்போது போவோம்?" என்ற கேள்வி மாத்திரமே எஞ்சியிருக்கின்றது. பாரிசின் புறநகர்களில் வாழும் எம்மவர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல.

சென்ற ஆவணி விடுமுறையிலே, லா கூர்னேவ் என்னும் புறநகரில் வசிக்கும் என் தங்கை வீட்டிற்கு அம்மாவுடன் சென்றிருந்தேன். அக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அங்கே என் தலையில் விழுந்தது. தங்கைக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவளுக்கு 14 வயது, நடுவிலானுக்கு 9, கடைக்குட்டிக்கு 4. கல்லூரியிலே நேரசூசி போட்டுப் பழகிய கை என்று என்னைப் புகழ்ந்துகொண்டே, இரண்டு நாட்களுக்குரிய சீட்டுக்களையும் பூங்காவின் வரைபடத்தையும் மைத்துனர் என் முன்னே வைத்தார். நானும் பாடவேளை பிரிப்பதுபோல நேரத்தைப் பிரித்து, ஓர் அழகிய நேரசூசியைத் தயாரித்துவிட்டேன். எழுவரும் ஒன்றாகவே செல்வது, ஒன்றாகவே உண்பது, ஒன்றாகவே திரும்புவது என்பது அதன் மூலவிதி. குடும்பத்துடன் போவதென்றால் வேறெப்படிப் போவது?

அந்த நேரசூசி முதல் நாள் முற்பகல் 11 மணிக்கே உயிர்விட்டது.

பூங்காவின் அமைப்பை முதலிற் சொல்லவேண்டும். வாயிலைக் கடந்ததும் பழைய அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு வரும். அதன் முடிவிலே வட்டமான ஒரு திடல். அத்திடலைச் சூழ நான்கு நாடுகள் விரிந்து கிடக்கும். சுரங்கமும் பாலைநிலமுமாக ஒன்று, கடற்கொள்ளையரும் காடுமாக ஒன்று, பாலர் கதைகளின் உலகம் ஒன்று, வருங்காலக் கற்பனை ஒன்று. நடுநாயகமாக நிற்பது உறங்கும் அழகியின் கோட்டை. சார்ல் பெரோ என்னும் பிரான்சிய ஆசிரியர் 1697இல் வெளியிட்ட கதைத் தொகுதியால் உலகறிந்த இளவரசி அவள். உண்மையான கோட்டைகள் திரும்பிய திசையெல்லாம் நிற்கும் நாட்டிலே பொய்க்கோட்டை எடுபடாதென்று எண்ணிப் போலும், கட்டியவர்கள் இதனை எந்தக் கோட்டையையும் போலல்லாமல், மெலிந்துயர்ந்த கோபுரங்களும் சதுரமாக வெட்டிய மரங்களுமாகக் கனவிற் கண்டதுபோல அமைத்துவிட்டார்கள்.

இத்தனை நாடுகளுக்கும் கடவுச்சீட்டு வயதன்று, உயரம். விரைந்து பாயும் வண்டிகளின் வாயிலிலே ஓர் அளவுகோல் நிற்கும். சுரங்க வண்டிக்கு 1.02 மீற்றர், விண்வெளிப் பயணத்திற்கு 1.20, இடிந்த கோயிலொன்றினூடே ஓடி முழுவட்டமாய்த் தலைகீழே சுழலும் இந்தியானா ஜோன்ஸ் வண்டிக்கு 1.40. உயிர்ப் பாதுகாப்புக்கான விதியாதலால் இதிலே தாட்சணியம் இல்லை; இருக்கவுங் கூடாது. வீட்டிலேயே பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி அளந்துகொண்டு போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். "ஒன்பது வயசுதானே, ஏத்துவாங்கள்" என்று கண்மதிப்பிலே முடிவுசெய்துகொண்டு, பல வாரங்களாக அவனுக்கு அந்த வண்டியைப் பற்றியே சொல்லி ஆசையை வளர்த்திருந்தோம். அவனோ 1.37. அளவுகோலின் கீழே குதிக்கால்களை மெல்ல உயர்த்திப் பார்த்தான். அங்கு நின்ற இளம்பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தொட்டு இறக்கிவிட்டாள். இரண்டு விரல் அகலந்தான் குறை. அந்தப் பிள்ளை விம்மியதை இப்போதும் மறக்க முடியவில்லை.

"தம்பி போகாட்டில் நானும் போகேல்லை" என்றாள் மூத்தவள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் அவளைப் பாராட்டினோம். பாராட்டிவிட்டுத் தள்ளுவண்டியை அவள் கையிற் கொடுத்தோம். அதன்பின் நாள் முழுவதும் அவ்வண்டியை அவளே தள்ளினாள். அறிவித்தற் பலகைகளை அவளே வாசித்துத் தமிழிற் சொன்னாள். மலசலகூடம் எங்கே, தண்ணீர் எங்கே என்று அவளே விசாரித்தாள். இடையிலே கடைக்குட்டி உறங்கிவிட்டாள். அவள் காணவேண்டுமென்றே வந்த அலங்கார ஊர்வலம் அவளுடைய மூடிய கண்களுக்கு முன்னால் வாத்தியங்களோடு போயிற்று. அதற்கும் மூத்தவளே பொறுப்பாளியானாள்: "நீயாவது எழுப்பியிருக்கலாமே!"

அன்றிரவு சமையலறையிலே தங்கையின் பாற்போத்தலைக் கழுவிக்கொண்டு நின்றவள், முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "நாளைக்கு நான் வரேல்லை மாமா. வீட்டிலை நிற்கிறன்."

கோபமாய்ச் சொல்லியிருந்தாற் சமாதானப்படுத்தியிருக்கலாம். சந்தைக்கு யார் போவதென்று தீர்மானிப்பதைப் போல அமைதியாகச் சொன்னாள். காரணத்தைக் கேட்டேன். "நான் போறது பிள்ளை பார்க்கத்தானே. ஒருநாள் அம்மா பார்க்கட்டும்."

புலம்பெயர்ந்த வீடுகளிலே மூத்த பிள்ளையின் நிலை எத்தகையதென்பதை அன்றுதான் நான் உற்று நோக்கினேன். நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் வாசிப்பவள் அவள். தாய்க்குச் சுகமில்லையென்றால் வைத்தியரிடம் உடன்சென்று மொழிபெயர்ப்பவள் அவள். தம்பியின் பள்ளிக்கூடக் கூட்டத்திலே தந்தைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருப்பவள் அவள். எட்டு வயதிலே தொடங்கிய உத்தியோகம் இது. டிஸ்னிலண்ட் வாயிலிலேகூட 3 முதல் 11 வயது வரையே குழந்தைக்குரிய கட்டணம்; 12 ஆகிவிட்டால் முழுக் கட்டணம். வாயிற்காப்போனும் நாங்களும் ஒருமனதாய் அவளைப் பெரியவளாக்கிவிட்டோம்.

இந்தப் பூங்காக்கள் தோன்றிய வரலாறு ஒன்றுண்டு. வால்ற் டிஸ்னி தம் இரு பெண் குழந்தைகளை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவிலுள்ள குதிரை இராட்டினத்திற்கு அழைத்துச் செல்வாராம். பிள்ளைகள் சுற்றி வர, அவர் வாங்கிலே சும்மா இருப்பார். பெற்றாரும் பிள்ளைகளும் கூடி மகிழத்தக்க ஓரிடம் வேண்டுமென்ற எண்ணம் அவ்வாங்கிலேதான் முளைத்ததென்று அவரே கூறியிருக்கின்றார். 1955இல் கலிபோர்னியாவிலே முதலாவது டிஸ்னிலண்ட் எழுந்தது. வாங்கில் இருந்த தந்தையை அவர் எண்ணினார், சரி. தந்தைக்குப் பதிலாக அக்காளை அந்த வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்கள் உலாவும் குடும்பங்களும் உண்டென்பது அவர் நினைவுக்கு வந்திராது.

நள்ளிரவு வரை மைத்துனரும் நானும் மேசையருகே இருந்தோம். பழைய நேரசூசியைக் கிழித்தெறிந்தோம். யார் எதிலே ஏறலாம் என்பதை உயரத்தைக் கொண்டு ஒரு தாளில் எழுதினோம். எழுவருக்கும் பொதுவானவை சிலவே என்பது அப்போதுதான் புலனாயிற்று. 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காக யுனிசெப் நிறுவனத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட பொம்மை உலகப் படகுப் பயணத்தின் பாரிஸ் வடிவம், கோட்டையின் கீழேயுள்ள நாகக்குகை, செடிகளால் ஆன புதிர்வழி, ஜூல் வேர்ன் எழுதிய நாவலில் வரும் நீர்மூழ்கிக் கப்பல் ஆகியன அவை. அவற்றிற்கு மாத்திரம் எல்லோரும் கூடுவது. மற்ற நேரத்திலே பிரிந்து போவது. காலையிலே மைத்துனரும் நானும் பெரிய பிள்ளைகள் இருவரோடு முதற் புகையிரதத்திற் போவது. கடைக்குட்டி போதுமட்டும் உறங்கி எழுந்தபின், தங்கையும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு நண்பகலில் வருவது. தள்ளுவண்டியை மூத்தவள் தொடக்கூடாது என்பதையும் ஒரு விதியாக எழுதினேன். மைத்துனர் அதை இரண்டு முறை வாசித்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை.

சிறு குழந்தையோடு தம்பதியர் இருவர் மட்டுமே செல்வதாயின், அவர்களுக்கும் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் வரிசையில் நின்று ஏறிவர, மற்றவர் குழந்தையோடு காத்திருக்கலாம். பின்னர் அவர் முழு வரிசையிலும் மீண்டும் நிற்காமலே ஏறலாம். வாயிலில் நிற்கும் ஊழியரிடம் முன்கூட்டியே கேட்கவேண்டும். முதல் நாள் நாங்கள் கேட்கவில்லை. கட்டுச்சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல்: பெரிய உணவுப் பெட்டிகளையும் கண்ணாடிப் போத்தல்களையும் உள்ளே விடமாட்டார்கள், சிறு தின்பண்டங்களுக்குத் தடையில்லை. அம்மாவின் ரொட்டியும் இடிசம்பலும் கைப்பையில் அடங்கிப் போய்விட்டன.

மறுநாட் காலை மூத்தவளை எழுப்பி, "இன்றைக்கு என்னோடை இந்தியானா ஜோன்சுக்கு வரவேணும், எனக்குத் தனியப் போகப் பயம்" என்றேன். அது பொய்யன்று. அவள் என்னை நம்பாமற் பார்த்தாள், ஆயினும் வந்தாள்.

1993இல் தொடங்கப்பட்ட அந்த வண்டி ஓடுவது சிறிது நேரந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நல்லூரானை அழைத்த எனக்கு அது ஒரு யுகமாகத் தோன்றிற்று. உலகம் தலைகீழாய்ப் புரண்ட கணத்திலே பக்கத்தில் ஒரு சிரிப்பொலி கேட்டது. அந்த வீட்டில் இரண்டு வாரம் இருந்தும் நான் கேட்டிராத சிரிப்பு அது. இறங்கியதும், "திரும்ப ஒருக்கால்?" என்றாள். என் முழங்கால்கள் சம்மதிக்கவில்லை. தனியே போகலாமா என்று கேட்டாள், போ என்றேன். அவள் மூன்று முறை ஏறினாள்.

அதற்கிடையில் நடுவிலான் தந்தையோடு சுரங்க வண்டியிலே இருந்தான். அதன் பாதை நீரின் கீழாகச் சுரங்கத்திற் புகுந்து, ஏரி நடுவிலுள்ள தீவொன்றிலே போய் ஏறும். அந்த விந்தையிலே 1.40 மீற்றரை அவன் மறந்துவிட்டான். வேகவண்டி என்றால் ஒன்றே ஒன்றுதான் என்று அவனுக்குச் சொல்லி வைத்தது எங்கள் தவறு. அடுத்து இருவரும் விண்வெளிப் பயணத்திற்குப் போனார்கள். 1995இல் திறந்தபோது அது ஜூல் வேர்னின் சந்திர யாத்திரையாக இருந்தது. 2017இல் நட்சத்திரப் போர்க் கதையாக மாற்றிவிட்டார்கள். வேர்னின் சொந்த நாட்டிலே இப்படிச் செய்திருக்க வேண்டியதில்லை என்பது ஆசிரியனாகிய என் தனிப்பட்ட அபிப்பிராயம்; பையனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

நண்பகலிலே கோட்டையின் அடியில் எழுவரும் கூடினோம். கீழே குகையிருளிற் சங்கிலியால் பிணிக்கப்பட்ட பெருநாகம் கண்விழித்து, தலையுயர்த்தி, புகை கக்கி உறுமும். கடைக்குட்டி அலறுவாள் என்று தங்கை அவளைத் தூக்கி வைத்திருந்தாள். அவளோ அதற்குக் கைகாட்டினாள். அம்மா சற்று நேரம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கடை சூரன் இதைவிட நல்லாய்த் தலையாட்டுவான்" என்று தீர்ப்புக் கூறினார். கந்தசஷ்டியிலே மரச்சூரனைத் தோளிற் சுமந்து ஆட்டுவோரைக் கண்ட கண்களுக்கு, இயந்திர நாகம் ஒரு பொருட்டாகப் படவில்லை.

மாலை 4 மணிக்குப் புதிர்வழியின் வாயிலிலே மீண்டும் கூடுவதென்பது ஏற்பாடு. எல்லோரும் வந்தார்கள்; மூத்தவள் வரவில்லை. கைத்தொலைபேசிக்கும் பதிலில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். தங்கை கலங்கிவிட்டாள். தனியே போக அனுமதித்த என்னை அவள் பார்த்த பார்வையிலே தமையன் என்ற மரியாதை சிறிதும் இல்லை. எனக்கும் உள்ளூர நடுக்கந்தான்.

இருபத்தைந்தாவது நிமிடத்திலே மேலிருந்து ஆறுதலாக நடந்து வந்தாள். கோட்டையின் மேல்மாடத்திலே, உறங்கும் அழகியின் கதையை நிறக்கண்ணாடிச் சாளரங்களிலும் திரைச்சீலைகளிலும் தீட்டியிருக்கின்றார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்; தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டதாம்; நேரம் போனதே தெரியவில்லையாம். தங்கை நடுவழியில் நின்று ஏசித் தீர்த்துவிட்டாள். நேரம் தவறியதற்காக அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கியதை நான் கண்டது அதுவே முதற்றடவை. தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றவளின் இதழோரத்தை நடுவிலான் கவனித்துவிட்டான். "அக்கா சிரிக்கிறா" என்று காட்டிக்கொடுத்தான்.

இரவு திரும்பும்போது புகையிரதத்தில் நெருக்கம் அதிகம். நடுப்பாரிசிலே சாத்தலே நிலையத்தில் இறங்கி, வடக்கே செல்லும் மற்றொரு வண்டிக்கு மாறவேண்டும். அவ்வழியிற் போகும் வண்டிகள் எல்லாம் லா கூர்னேவில் நிற்பதில்லை. சில நேரே விமான நிலையம் வரை ஓடிவிடும். மேடையிலே ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. வழக்கம்போல எல்லோர் முகங்களும் மூத்தவள் பக்கம் திரும்பின. அவளோ வாங்கிலே அம்மம்மாவின் தோளிற் சாய்ந்து, வாய் சற்றே திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். தங்கை அவளை எழுப்பக் கை நீட்டினாள்.

"விடும், நான் கேக்கிறன்" என்று மைத்துனர் எழுந்து, மேடையின் மறுகோடியில் நின்ற உத்தியோகத்தரை நோக்கி நடந்தார்.