நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்

எங்க பெரியம்மா மகனுக்கு வலது கையில் மூணு விரல் இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். 1993இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் அடித்துப் போனது. விபத்துக்கு என்ன காரணம் என்று ஒரு தாள் எழுதி ஃபைலில் வைத்தார்கள். அந்தத் தாளை எழுதியது முதலாளி இல்லை, சூப்பர்வைசர் இல்லை. நான்தான் எழுதினேன். முப்பது வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்க ஊர் நெமிலிச்சேரி. அப்பா காலத்தில் காலனி ஆட்களுக்கு ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி வேலை. நிலம் பிளாட் ஆக ஆக கூலியும் போனது. காலனிப் பையன்கள் பட்டாபிராம் வரைக்கும் சைக்கிள் மிதித்து, அங்கிருந்து மின்சார ரயில் ஏறினோம். ஆவடியில் டேங்க் ஃபாக்டரியில் வேலை கிடைத்தவன் கதை வேறு. அது சர்க்கார் வேலை. இடஒதுக்கீடு உண்டு, யூனியன் உண்டு. அது கிடைக்காதவர்கள் ஆவடியைத் தாண்டிப் போய் அம்பத்தூரில் இறங்குவோம். சிறுதொழிலுக்கு என்று அரசாங்கம் 1964இல் தொடங்கிய எஸ்டேட் அது. பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் அடித்துத் தரும் ஷெட்டுகள் வரிசை வரிசையாக இருக்கும்.

அங்கே யாரும் சாதி கேட்க மாட்டார்கள். "எந்த ஊருப்பா? ஊர்லயா, காலனியா?" என்று கேட்பார்கள். அது போதும். லேத், டூல் ரூம், ஸ்டோர், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் முதலாளிக்கு வேண்டியவர்கள், சூப்பர்வைசருக்குச் சொந்தக்காரர்கள். பிரஸ், பஃபிங், ஆசிட் தொட்டி எல்லாம் நாங்கள். எங்க தெருவில் ஐ.டி.ஐ. முடித்த ஒருத்தன் இருந்தான். அவனையும் பிரஸ்ஸில்தான் நிற்க வைத்தார்கள். அம்பேத்கர் காலத்துப் பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவுக்குள் நம் ஆட்களை விடவில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். நல்ல கூலி கிடைத்த பிரிவு அது. அம்பேத்கர் இதை எடுத்துச் சொல்லி தொழிற்சங்கத் தலைவர்களிடமே கேள்வி கேட்டார். அங்கே ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் போக விடவில்லை. இங்கே ஒரு மெஷினை விட்டு நகர விடவில்லை. எந்தக் கை எந்த மெஷினுக்குள் போகும் என்பது நாங்கள் கேட்டுக்குள் நுழையும்போதே முடிவாகிவிடுகிறது. விபத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் இந்த இடத்திலிருந்து தேட வேண்டும்.

பிரஸ் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரு கனமான சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளட்ச்சில் இருக்கிற சாவி அந்தச் சக்கரத்தைப் பிடிக்கும். ராம் கீழே இறங்கி ஒரே ஒரு அடி அடித்துவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். இடது கையால் தகட்டை வைக்கணும், வலது கையால் அடித்த பீஸை எடுக்கணும். கைக்கும் டைக்கும் நடுவில் கார்டு என்று ஒரு தடுப்பு இருக்க வேண்டும். சாவி தேய்ந்துபோனால், ஸ்பிரிங் உடைந்தால், பிரேக் பட்டையில் ஆயில் இறங்கினால் ராம் மேலே நிற்காது. ஒரு மிதிக்கு ரெண்டு அடி விழும். "டபுள் அடிக்குது" என்போம்.

அண்ணன் நின்ற பிரஸ் மூணு நாளாக டபுள் அடித்துக்கொண்டிருந்தது. அவன் போய்ச் சொன்னான். "டெலிவரி முடியட்டும், ஞாயித்துக்கிழமை பிரிச்சிப் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கார்டு ஸ்கிராப் மூலையில் கிடந்தது. கார்டு இருந்தால் மணிக்கு நானூறு பீஸ், இல்லாவிட்டால் அறுநூறு. அதனால் செட்டர் அதைக் கழற்றிப் போட்டு மாசக்கணக்கு ஆகியிருந்தது. செட்டரிடம் கழற்றச் சொன்னது யார் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அண்ணனுக்குப் பகல் ஷிப்ட். ராத்திரி ஆள் வரவில்லை என்று அவனையே நிறுத்தி வைத்தார்கள். அடிபட்டபோது விடிகாலை நாலரை மணி.

நான் பக்கத்து மெஷினில் இருந்தேன். சத்தம் மாறவில்லை. தகட்டை வெட்டும்போது என்ன சத்தம் வருமோ அதே சத்தம்தான் வந்தது. அவன் கத்தவும் இல்லை. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி அவன் கையை அமுக்கினேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னைக் கூட அனுப்பவில்லை. மரத்தூள் போட்டுத் துடைத்துவிட்டு ஆறு மணிக்குள் மெஷினை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன்.

மூணாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் பத்தாவது பாஸ், கையெழுத்து நன்றாக இருக்கும். "தம்பி, உங்க அண்ணனுக்கு நஷ்டஈடு வாங்கித் தரணும்னா பேப்பர் வேணும்ல? நான் சொல்றேன், நீ எழுது" என்றார் சூப்பர்வைசர். ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்தக் கம்பெனியில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற ஆசையில், மேலதிகாரி எச்சரித்தும் கேட்காமல், பாதுகாப்புத் தடுப்பை நானாகவே கழற்றிவிட்டு, கவனக்குறைவாக வேலை செய்தேன் என்று அண்ணன் சொல்வதுபோல எழுதினேன். அண்ணன் கையெழுத்து போடத் தெரிந்தவன். போடுவதற்கு விரல் இல்லை. இடது கட்டைவிரலை உருட்டி வைத்தான். "இன்னாடா எழுதிக்கிற?" என்று கேட்டான். "நஷ்டஈட்டுக்குண்ணா" என்றேன்.

காண்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி அவன் பேரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். இனிமே வர வேண்டாம் என்றார்கள்.

சில வருஷம் கழித்து, யூனியன் ஆபீசில் ஒரு ராத்திரி வகுப்பு நடந்தது. ஒரு வக்கீல் 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தை வாசித்து விளக்கினார். அதில் உடம்புக்கு ஓர் அட்டவணை இருந்தது. ஒரு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை போனது என்ற கணக்கு. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரல் 7. ஒரே கையில் மூணு விரல் போனால் 30. அடுத்து மூணாம் பிரிவை வாசித்தார். தொழிலாளி குடித்திருந்தால், பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால், பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி நஷ்டஈடு தரத் தேவையில்லை. சாவு நேர்ந்தால் இந்த விலக்கு செல்லாது. விரல் போனால் செல்லும். வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் சும்மா சொல்லவில்லை. சட்டத்தைத் தெரிந்துகொண்டு, எந்த வரி இருந்தால் அண்ணனுக்கு ஒரு பைசாகூடத் தர வேண்டாமோ அந்த வரியை என் கையால் எழுத வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தால் நாம் தப்பிவிடுவோம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான் கற்ற எழுத்து எங்க அண்ணன் கையை இன்னொரு முறை வெட்டியது.

இது எங்க ஷெட்டோடு முடியவில்லை. 1931இல் அமெரிக்காவில் ஹெய்ன்ரிச் என்று ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காரர், நூற்றுக்கு 88 விபத்து ஆட்களின் தவறான செயலால்தான் நடக்கிறது என்று புத்தகம் எழுதினார். அந்த எண் உலகம் முழுக்கப் பாதுகாப்பு வகுப்புகளில் ஓதப்பட்டது. காப்பீட்டுக் கோப்புகளையும் ஆலைகளின் பதிவுகளையும் வைத்து அவர் போட்ட கணக்கு அது. அந்தக் கோப்புகளுக்குள் என்ன மாதிரித் தாள்கள் இருந்திருக்கும்? நான் எழுதிக் கொடுத்த தாள் மாதிரி எத்தனை?

2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 22 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் கழுத்து சிக்கி உயிரிழந்தார். உற்பத்தி வேகத்துக்காக சென்சாரை வேலை செய்யாமல் வைத்திருந்தார்கள் என்று தொழிலாளர்கள் குற்றம் சாட்டினார்கள். எங்க ஷெட்டில் இரும்புத் தடுப்பு. அங்கே சென்சார். பதினேழு வருஷம் தள்ளி, கம்ப்யூட்டர் வைத்த ஆலையிலும் அதே குற்றச்சாட்டு எழுந்தது.

இப்போது இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் பிரஸ் முன்னால் பீகார், ஒடிசா பையன்கள் நிற்கிறார்கள். தமிழில் எதையாவது எழுதி நீட்டினால் அவர்களால் படிக்கக்கூட முடியாது. 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் முன்பு 10 பேர் இருந்தாலே ஃபாக்டரி. இப்போது 20 பேர் இருக்க வேண்டும். பதினைந்து பேர் வேலை செய்யும் ஷெட் ஃபாக்டரி இல்லை. விரல் மட்டும் அதேபோலத்தான் போகும்.

அந்தத் தாளை இன்றைக்கு எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்.

மெஷின் டபுள் அடிக்கிறது என்று மூணு நாளாகச் சொன்னேன். டெலிவரிக்காக நிறுத்தவில்லை. தடுப்பைக் கழற்றியது நான் இல்லை. ஓடுகிற மெஷினில் தடுப்பு எப்போதும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவு சொன்னது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நிர்வாகம். பகலும் ராத்திரியும் சேர்த்து என்னை நிற்க வைத்தார்கள். பீஸை எடுக்க ஓர் இடுக்கிகூடத் தரவில்லை. முடியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இல்லை. காலனிப் பையன் என்பதால் என்னை இந்த மெஷினில் வைத்தார்கள். இவைதான் காரணங்கள்.

தோழர்களே, எங்காவது விபத்து என்று கேள்விப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓடாதீர்கள். யார் தாள் எழுதுகிறான் என்று பாருங்கள். மெஷினைத் துடைப்பதற்கு முன்னால் தடுப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். வலியில் கிடக்கிறவனிடம் கைநாட்டு வாங்க விடாதீர்கள்.

இதை எழுதி முடித்து அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருக்கிறான். அந்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "இத்த அன்னிக்கே எழுதியிருந்தா துட்டு குடுத்துருப்பானா?"

"தெரியலண்ணா" என்றேன்.

"துட்டு போவுது வுடு. அந்தக் கார்ட நான் கழட்டலடா. அத்த மட்டும் நல்லா பெருசா எழுது."

அவன் கழற்றவில்லை.