குளிர் ஊரில் கதகதப்பான வீடு

சகோதரிகளே, வெளியே குளிர் அதிகமுள்ள ஊரில்தான் வீட்டுக்குள்ளும் அதிகம் குளிரும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1987 ஜனவரி. என் கணவரின் வேலை நிமித்தம் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருந்தோம். கையில் மூன்று மாதப் பெண் குழந்தை. வாடகை வீட்டில் கூடத்தில் மட்டும் ஒரு காஸ் கணப்பு. மீட்டரில் காசு போட்டால்தான் எரியும். படுக்கையறை ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. காலையில் அதன் உள்பக்கமே பனி படிந்திருக்கும். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். குழந்தைக்கு இருமல் விடவேயில்லை. வீட்டுக்காரரிடம் முறையிட்டால், "துணியை உள்ளே உலர்த்தாதீர்கள்" என்பதோடு சரி. காசு தீர்ந்துபோன ஓர் இரவு, குழந்தையை மார்போடு அணைத்து, இருந்த கம்பளியெல்லாம் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அதே பெண்ணின் இரண்டாவது பிரசவத்துக்காக 2024 ஜனவரியில் ஸ்வீடனிலுள்ள கோத்தன்பர்க் நகருக்குப் போனேன். வெளியே மைனஸ் பத்து டிகிரி! பெட்டி நிறைய ஸ்வெட்டர் கொண்டுபோயிருந்தேன்.

"எதுக்கும்மா இத்தனை? குழந்தைக்கே ஒரு சட்டைதான் போட்டிருக்கேன்" என்று சிரித்தாள் மகள்.

வீட்டில் கணப்பைத் தேடினேன். காணோம். குப்பையை எரிக்கும் ஆலையிலிருந்தும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வீணாகும் வெப்பத்திலிருந்தும் சூடேறிய நீர், பூமிக்கடியில் குழாய் வழியே வீடுவீடாக வருகிறதாம். ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி.

"ஆதியிலேயே இப்படித்தானா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"இல்லை அத்தை. 1970 வாக்கில் இங்கே பெரும்பாலும் எண்ணெய்தான் எரித்தார்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் விழித்துக்கொண்டார்கள்" என்றார். பிறகு கட்டட விதிகளை இறுக்கி, சுவரும் கூரையும் சூட்டை விடாதபடி செய்தார்கள். ஊர்ப் பொது வெந்நீர்க் குழாய்கள் பரவின. 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி வந்தது. தனி வீடுகளில் ஹீட் பம்ப் பெருகியது. எண்ணெய் அடுப்பு அநேகமாக மறைந்தேவிட்டது.

இங்கிலாந்தின் கதை வேறு. 1967 முதல் 1977 வரை வட கடல் காஸுக்கு வீட்டு அடுப்புகளையெல்லாம் மாற்றினார்கள். இன்று அங்கே அநேகமாக எல்லா வீடுகளிலும் சென்ட்ரல் ஹீட்டிங் இருக்கிறது. அறைகளும் அந்நாளைவிடக் கதகதப்பு. ஆனால் 2021 கணக்கெடுப்பிலும் நாலில் மூன்று வீடுகள் காஸையே நம்பியிருந்தன. பழைய வீடுகளில் சூடு சுவர் வழியே கசிகிறது. 2022-இல் காஸ் விலை ஏறியபோது, லீட்ஸிலுள்ள என் சிநேகிதி இரண்டு அறைகளைப் பூட்டிவிட்டு, ஒரே அறையில் குளிரைக் கழித்தாள்.

குளிரை அளக்க இவர்கள் பால் கணக்கு மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குறித்த அளவுக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியது என்று தினமும் எழுதி, வருடக் கடைசியில் கூட்டுவார்கள். பூமி சூடாவதால் இரு நாட்டிலும் இந்தத் தொகை குறைந்து வருகிறது. இன்றும் கோத்தன்பர்க்கின் தொகைதான் லீட்ஸைவிட அதிகம். ஆனாலும் நடுங்கியது நான் லீட்ஸில்தான்!

குளிர் நாட்டுக்குப் போகும் மகளுக்கு ஸ்வெட்டர் வாங்குவது இருக்கட்டும். வாடகை பேசுமுன், ஜன்னலுக்கு எத்தனை கண்ணாடி, சூடு எப்படி வருகிறது, சுவரில் ஈரம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்று எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை.