அன்னாள் பாடிய நாள்





தியானப் பகுதி: 1 சாமுவேல் 1:1 முதல் 2:21 வரை

அன்னாளின் சரித்திரத்தை நாம் சிறு வயது முதல் அறிந்திருக்கிறோம். பிள்ளையில்லாதிருந்தாள், ஜெபித்தாள், பெற்றுக்கொண்டாள் என்று சுருக்கமாகச் சொல்லியும் முடித்துவிடுகிறோம். ஆனால் வேதம் அதை அவ்வளவு விரைவாக முடிக்கவில்லை. அவளுடைய முகம் எப்பொழுது மாறியது? அவள் எப்பொழுது பாடினாள்? இவ்விரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த வாரம் இப்பகுதியை மறுபடியும் வாசித்துப் பாருங்கள்.

ஊற்றப்பட்ட இருதயம்

எல்க்கானாவின் குடும்பம் வருஷந்தோறும் சீலோவுக்குப் போய்த் தொழுதுகொண்டது. மற்றவர்களுக்குப் பண்டிகையாயிருந்த அந்தப் பயணம் அன்னாளுக்கு வேதனையாயிருந்தது. பலியின் பங்கு பரிமாறப்படும்பொழுது பெனின்னாளுக்கு முன்பாக அவளுடைய குமாரரும் குமாரத்திகளும் வரிசையாய் அமர்ந்திருப்பார்கள். அன்னாள் அழுதுகொண்டு சாப்பிடாதிருப்பாள். அவளை மிகவும் நேசித்த கணவன், பத்துக் குமாரரைவிடத் தான் மேலானவன் அல்லவா என்று கேட்டான். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆனாலும் அது அவளுடைய காயத்தைத் தொடவில்லை.

அவள் தன் வேதனையைப் பெனின்னாளிடம் வாதாடித் தீர்க்கவில்லை. கணவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கவும் இல்லை. எழுந்து கர்த்தருடைய சந்நிதிக்குப் போனாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வெளியே வரவில்லை. ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடித்திருப்பவள் என்று எண்ணிவிட்டான். உங்கள் ஜெபமும் சில வேளைகளில் இப்படி இருக்கலாம். கோர்வையான வார்த்தைகள் வராதிருக்கலாம். சபையின் மூப்பருக்கோ போதகருக்கோகூட உங்கள் உள்ளம் விளங்காதிருக்கலாம். மனிதர் தவறாய் எண்ணிய அந்த மௌனத்தைத் தேவன் ஜெபமாக ஏற்றுக்கொண்டார் என்பதை மறவாதிருங்கள்.

மாறிய முகம்

ஏலி அவளை வாழ்த்தி அனுப்பினான். அவள் போய்ச் சாப்பிட்டாள். அதன்பின் அவள் முகத்தில் துக்கம் தங்கவில்லை என்று 1:18 சொல்லுகிறது. இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அன்றைக்கு அவளுடைய வாழ்வில் எது மாறியிருந்தது? கர்ப்பம் உண்டாகவில்லை. பெனின்னாள் அதே கூடாரத்தில்தான் இருந்தாள். திரும்பிச் செல்ல வேண்டியதும் ராமாவிலிருந்த அதே வீட்டிற்குத்தான். மறுநாள் அதிகாலையில் அவர்கள் எழுந்து கர்த்தரைப் பணிந்துகொண்டார்கள். கர்த்தர் அவளை நினைத்தருளினார் என்ற செய்தி அதற்குப் பின்னரே வருகிறது.

எங்களுக்குத் திருமணமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன. கர்த்தர் எங்களுக்குப் பிள்ளையைத் தரவில்லை. தொடக்க ஆண்டுகளில் எந்த வீட்டு வைபவத்திற்குச் சென்றாலும், "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி எங்களுக்கு முன்பாகவே அங்கே வந்து காத்திருக்கும். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற போதகர் வீட்டிலேயே ஜெபம் கேட்கப்படவில்லையே என்று ஒருவர் என் காதுபடச் சொன்னதும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூன்று குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அன்று இரவு சோறும் குழம்பும் மேசையின்மேல் ஆறிக்கொண்டிருந்தன. எங்கள் இருவருக்கும் பேச்சும் இல்லை, பசியும் இல்லை. என் மனைவி வேதத்தை எடுத்து இந்த அதிகாரத்தை வாசித்தாள். வாசித்து முடித்தபின், "அன்னாள் சாப்பிட்டபோது அவளுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாதே" என்றாள். பிறகு எழுந்து எனக்குப் பரிமாறினாள். நாங்கள் ஸ்தோத்திரம் செய்து சாப்பிட்டோம்.

அன்றோடு எங்கள் கண்ணீர் நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஜெபம் என்பது பாரத்தை இறக்கிவைக்கும் இடம் என்பதை அந்த இரவில் கண்டோம். பாரத்தைக் கர்த்தரிடத்தில் வைத்தவன், பதில் வருமுன்னும் அன்றைய அப்பத்தை நன்றியோடு உண்ணலாம்.

கொடுத்த நாளில் துதி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். அன்னாளின் துதிப்பாடல் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. சாமுவேல் பிறந்த நாளில் அவள் மகிழ்ந்திருப்பாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேதம் எழுதிவைத்திருக்கிற பாடல் அந்த நாளுக்குரியது அன்று. பால் மறந்த குழந்தையைச் சீலோவுக்குக் கொண்டுவந்து, ஏலியிடத்தில் ஒப்படைத்த நாளில் அவள் அதைப் பாடினாள். வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டிய நாள் அது. அவள் பிள்ளையை விட்டுச்சென்ற ஆலயமோ, ஏலியின் துன்மார்க்கரான குமாரர் பணிவிடை செய்த இடம்.

அந்தப் பாடலில் சாமுவேலின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கர்த்தருடைய பரிசுத்தம் இருக்கிறது. அவர் கன்மலையாயிருப்பது இருக்கிறது. எளியவனைப் புழுதியிலிருந்து அவர் தூக்கிவிடுவது இருக்கிறது. தேவன் தந்த ஈவைப் பெற்ற அதே கைகளால் அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்; கொடுத்தவரோ அவளோடு இருந்தார். ஆகையால் பாட முடிந்தது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் கன்னி மரியாள் பாடிய துதியிலும் (லூக்கா 1:46-55) இந்தப் பாடலின் எதிரொலியைக் கேட்கிறோம்.

அதோடு அவளுடைய காத்திருப்பும் முடிந்துவிடவில்லை. வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையைத் தைத்து மகனுக்குக் கொண்டுபோனாள் (2:19). காணாத ஓராண்டில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே அளவெடுத்துத்தான் அவள் தைத்திருக்கவேண்டும். பின்பு கர்த்தர் அவளுக்கு மூன்று குமாரரையும் இரண்டு குமாரத்திகளையும் கொடுத்தார்.

பிரியமானவர்களே, ஜெபிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சாமுவேல் நிச்சயம் என்று நான் உங்களுக்கு எழுதமாட்டேன். அப்படி எழுதுவது உண்மையாயிராது. வேலைக்காகவும், சுகத்திற்காகவும், வீடு திரும்பாத மகனுக்காகவும், பிள்ளைப்பேற்றுக்காகவும் நம் சபையில் காத்திருப்பவர்களை அறிவேன். உங்கள் சத்தமில்லாத ஜெபத்தைக் கேட்கிற தேவன் ஒருவர் உண்டு, இது நிச்சயம். ஆகவே இந்த வாரம் உங்கள் விண்ணப்பத்தை ஒளிவுமறைவின்றி அவரிடத்தில் ஊற்றிவிடுங்கள். பின்பு எழுந்து முகத்தைக் கழுவி, ஸ்தோத்திரத்தோடு சாப்பிடுங்கள். காத்திருக்கிற ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், "விசேஷம் உண்டா?" என்று கேளாமல், அவருக்காக இரகசியத்தில் ஜெபியுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, வார்த்தையில்லாத எங்கள் பெருமூச்சையும் நீர் அறிந்திருக்கிறபடியால் உம்மைத் துதிக்கிறோம். பதிலுக்காகக் காத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளின் முகத்திலிருந்து துக்கத்தை நீக்கியருளும். நீர் தரும்பொழுதும், தராதிருக்கும்பொழுதும், தந்ததைத் திரும்பக் கேட்கும்பொழுதும் உம்மையே பற்றிக்கொள்ளக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.