கோணமாமலைத் துறையில் அவிந்த ஒலி

புரவலன் மாய்ந்த முற்றத்தில் யாழை நிலத்தே கிடத்திச் செயலற்று நின்ற பாணரின் துயரைக் கையறுநிலை என்றனர் முன்னோர். இத்துறைமுகப் பட்டினத்திலோ வழக்கு மாறிக் கிடக்கிறது: பாணர் இருக்கிறோம், யாழ்தான் மாய்ந்தது. கோணேசர் மலையடியில் அலை அறையும் ஓசை அவியவில்லை. உட்துறையில் கலம் புகும்போது எழும் ஊதொலி அவியவில்லை. மரப்பேழைக்குள் காந்தமும் கடுதாசிக் கூம்புமாய் வீற்றிருந்து, எம் கூடங்களில் ஒரு தலைமுறைக் காலம் பாடிய ஒலிபெருக்கியின் குரல் மட்டும் அவிந்தது.

அதன் பிறப்பை முதலில் சொல்வதே முறை. 1925ஆம் ஆண்டு, அமெரிக்காவில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும், காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச் சுருளோடு கூம்பொன்றைப் பிணைத்து, மின்னோட்டம் அசையுந்தோறும் கூம்பு அசைய, கூம்பு அசையுந்தோறும் காற்று அசைய, இயங்குசுருள் ஒலிபெருக்கியை உலகுக்கு அறிவித்தனர். அவ்வாண்டின் டிசம்பரிலேயே, எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி குரலெடுத்தது. அதற்கு முந்திய சோதனைகளில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்கள் பயன்பட்டன என்பர். ஆக, இத்தீவின் வானொலிக்கும் இன்றுவரை நாம் அறிந்த ஒலிபெருக்கிக்கும் வயது ஒன்றே.

அக்குலத்தில் வேந்தர் பலர் தோன்றினர். தாழ்சுரமும் உச்சசுரமும் ஒரே மையத்தினின்று எழச்செய்த டனோய் 1947இல் அரியணை ஏறியது. அடைத்த பேழையின் காற்றையே வில்லாக்கி, ஆளுயரப் பெட்டி தந்த அடிநாதத்தைச் சிறு பெட்டியில் இறக்கிக் காட்டினார் எட்கர் வில்சூர், 1954இல். பீட்டர் வாக்கர் கூம்பையே துறந்தார். துளையிட்ட தகடுகளிடையே மெல்லிய படலம் ஒன்றை நிறுத்தி, அதை மின்புலத்தால் அசைத்துக் குவாட் நிலைமின் ஒலிபெருக்கியை 1957இல் வெளியிட்டார். அதே 1957இல்தான் ஆங்கிலேயர் இத்துறையின் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நங்கூரம் தூக்கினர். ஒரு கடற்படையின் ஆளுகை அவிந்த ஆண்டில் ஓர் ஒலி பிறந்தது. பின்பு அதுவும் அவிந்தது.

இவருள் எவர் தலையாயவர் என்று என்னைக் கேட்டால், பேரரசர் எவரையும் சுட்டேன். 1970களில் பிபிசிப் பொறியியலாளர், வெளிப்புற ஒலிபரப்பு வண்டியின் இடுக்கில் வைத்துக் கேட்கவென வகுத்த எல்எஸ் 3/5ஏ என்னும் சிறு பேழையையே சுட்டுவேன். அது அதிராது, மிகையாகப் பேசாது, மனிதக் குரலை மனிதக் குரலாகவே நிறுத்தும். அதை வகுத்த நிறுவனத்தின் தமிழோசையை இரவுதோறும் செவிசாய்த்துக் கேட்டுப் பின்பே விளக்கணைத்த ஊர் இது. 2017இல் தமிழோசையின் வானொலிக் குரலும் அவிந்தது.

இத்துறைக்கு நல்ல பேழைகள் மிகுதியாக வந்த வழி பாலைவழி. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. வளைகுடாவில் வெயில் சுமந்த மைந்தர், வியர்வையின் விலையாக ஜப்பானிய செட்டுகளைச் சுமந்து வந்தனர். சன்சூய், பயனியர், டெக்னிக்ஸ் என்னும் பெயர்கள் குலதெய்வத்தின் பெயர்போல் உச்சரிக்கப்பட்டன. வெளியே, கோயில் வீதிக் கமுகங் கம்பங்களில், டெல்லி அகூஜாவின் பெயர் பொறித்த அலுமினியக் கூம்புகள் சில வாட் வலுவைக் கொண்டே ஊரின் எல்லைவரை திருவிழாவை எடுத்துச் சென்றன. வீட்டுப் பேழை அருகழைத்தது, வீதிக் கூம்பு தொலைவழைத்தது. அழைக்கப்பட்டோர் வந்தனர், அமர்ந்தனர், கேட்டனர்.

அவை மாய்ந்த விதம் சொல்லத் தக்கது. அக்காலப் பேழைகள் பலவற்றில், கூம்பையும் சட்டத்தையும் இணைக்கும் மெல்லிய விளிம்பைப் பாலியூரிதேன் நுரையால் செய்திருந்தனர். குளிர்நாட்டுக் கூடத்துக்கு அது தகும். நெய்தல் நிலத்து ஈரக்காற்றோ அந்நுரையின் பிணைப்புகளை ஒவ்வொன்றாய் அறுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டில், விரல்பட்ட இடமெல்லாம் பிசுபிசுத்து உதிர்ந்தது. உப்புக் காற்றால் முனைகளின் செம்பில் பச்சை பூத்தது. ஆயினும் காந்தம் அழியவில்லை. அலுமினியமும் நிக்கலும் கோபால்ற்றும் உருக்கிச் சேர்த்த பழங் காந்தங்கள், 1978இல் சயர் நாட்டுச் சாபா மாகாணப் போரால் கோபால்ற் விலை விண்ணேறியபின் அரிதாகி, அவற்றின் இடத்தைப் பெரைற் பிடித்தது. முன்பே பிறந்த காந்தங்கள் இன்றும் இரும்பை இழுத்துப் பற்றுகின்றன. நடு நின்றது, விளிம்பு உதிர்ந்தது, ஒலி அவிந்தது.

ஊருக்கும் அதுவே நேர்ந்தது. 1983 ஜூலையில் தீ வந்தது. கடைகளும் கூடங்களும் எரிந்தன. பின்வந்த ஊரடங்கு இரவுகளில், வீதிக்குக் கேட்கப் பாட்டு வைப்பதே துணிவாயிற்று. ஒலியைத் தாழ்த்தித் தாழ்த்தி, தாழ்த்திய ஒலியே பழக்கமாகி, பழகிய அமைதிக்குள் பேழைகள் துணி போர்த்திக் கிடந்தன. கேட்டுப் பழகிய பிள்ளைகள் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் உதிர்ந்தனர்; பேழையின் பக்கத்தில் முதியோர் நடுவாய் நின்றனர். 2004 டிசம்பர் 26இல் கடல் கரையேறி வந்தது. கடுதாசிக் கூம்புக்கு நீர் கூற்றம். அலை தொட்ட வீடுகளில் எஞ்சியவையும் அவிந்தன.

இன்று ஒவ்வொருவர் செவிக்குள்ளும் ஒவ்வொரு பாட்டு. உள்ளங்கைக் கருவியில் உலகத்து இசை முழுதும் உண்டு என்பது மெய். அடிநாதம் இல்லை என்பதும் மெய். அதனினும் பெருங்குறை, பாட்டுக்கு நடுவே யாரும் யாரையும் 'உஸ்' என்று அடக்காத காலம் இது. அடக்க வேண்டிய அளவுக்கு எவரும் சேர்ந்து கேட்பதில்லை. முன்பு, ஊசி தட்டில் இறங்கும் கணத்தில் கூடம் தானே வாய் மூடியது. அந்த மௌனமும் பேழையோடு அவிந்தது.

போன காலத்தைத் திருத்த எக்கடையிலும் ஆளில்லை. பேழையைத் திருத்தலாம். உங்கள் கூடத்து மூலையில் அத்தகைய ஒன்று துணி போர்த்திக் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருவோரிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உதிர்ந்த நுரையைச் சுரண்டி, அளவான ரப்பர் விளிம்பை ஒட்டினால் கூம்பு மீண்டும் அசையும். அவ்வேலை அறிந்த கைகள் இன்னும் உள. கடற்காற்று நேரே படாத சுவரோரம் அதை வையுங்கள். பிறகு அண்டை வீட்டாரையும் அழைத்து, ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள்.