கேமரா நின்ற இடம்

பழைய மதராஸ் பட அஞ்சலட்டை ஒன்று கைக்கு வந்தால், அதன் கீழே அச்சாகியிருக்கும் பெயரை முதலில் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிடுவேன். ‘மவுண்ட் ரோடு, மதராஸ்’ என்று இருக்கும். ‘கடைத்தெருக் காட்சி’ என்று இருக்கும். அந்தப் பெயரைக் கோத்தவர் பெரும்பாலும் அந்தத் தெருவில் கால் வைத்தவரில்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய நம் ஊர் அட்டைகளில் பல, ஜெர்மனியில், குறிப்பாக சாக்சனிப் பகுதியில் அச்சானவை. படம் இங்கே எடுக்கப்பட்டு, கப்பலேறிப் போய், அங்கே அச்சாகி, வண்ணம் ஏற்றப்பட்டு, ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் போன்ற கடைகளில் விற்பனைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போய்வந்ததில் பெயர்கள் இடம் மாறின. செங்கல் கட்டடம் மஞ்சளானது. மவுண்ட் ரோடு என்ற பெயர் ஊரின் எந்த அகலமான சாலைக்கும் பொருந்தும் பெயராகிவிட்டது.

அச்சிட்ட பெயரைப் பார்த்துவிட்டால் கண் அதற்குச் சாட்சி தேட ஆரம்பித்துவிடும். அதனால்தான் மறைப்பது.

பிழைப்புக்கு நான் பார்த்தது நில அளவை வரைவாளர் வேலை. டவுன் சர்வே படங்கள், புல வரைபடங்கள், பழைய பிளாக் மேப்புகள் என்று வாழ்நாளின் பெரும்பகுதி போனது. அந்த வேலை கற்றுத்தந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் இந்த அட்டைகளைப் படிக்கிறேன்: கட்டடம் போய்விடும், கோடு போகாது. ஸ்பென்சரின் பழைய இந்தோ-சரசனிக் மாளிகை தீக்கு இரையாயிற்று. 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம். கடற்கரைச் சாலையில் இருந்த பெண்டிங்க் கட்டடம் இடிக்கப்பட்டு சிங்காரவேலர் மாளிகை வந்தது. ஆனால் தெருவின் வளைவு, இரண்டு மனைகளுக்கு நடுவே ஓடும் எல்லை, முச்சந்தியின் கோணம் ஆகியவை நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. காரணம் எளியது. ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அதை விட்டுக்கொடுக்காமல் கோர்ட்டுக்குப் போக அவருக்கு மனமும் இருக்கிறது. மாளிகையைக் காப்பாற்ற முடியாத ஊரில் பொதுச்சுவரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆகவே ‘இது எந்தக் கட்டடம்?’ என்ற கேள்வியில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. புகைப்படக்காரர் முக்காலியை எங்கே ஊன்றினார் என்பதுதான் என் கேள்வி. கட்டடத்தின் பெயரைக் கண்டுபிடித்தால் ஒரு பெயர் கிடைக்கும். கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடித்தால் அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு கதவும், மரமும், வண்டியும் வரைபடத்தில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். எல்லா அட்டையும் அதற்கு ஒத்துழைக்காது. ஹாஃப்டோன் முறையில் அச்சானதைப் பெரிதாக்கினால் கொஞ்ச தூரத்தில் வெறும் புள்ளிகள்தான் மிஞ்சும். கொலோடைப் முறையில் அச்சானதில் அந்தப் புள்ளி வலை கிடையாது. உள்ளே போகப்போகத் தெரிந்துகொண்டே இருக்கும். தெருவின் கடைசியில் மங்கிய கறையாகத் தெரிவது, நல்ல ஸ்கேனரில் ஏற்றினால் விளக்குக் கூண்டுள்ள கோபுரமாகிவிடும். வண்ணம் ஏற்றிய அட்டை பார்வைக்கு அழகு, சாட்சிக்கு ஆகாது. சாயம் ஏற்றியவர் கம்பிகளை அழித்திருப்பார், வானத்தைத் தன் விருப்பப்படி நிரப்பியிருப்பார். அதே படம் கறுப்பு வெள்ளையில் வந்திருந்தால் அதற்காக எத்தனை காலமும் காத்திருக்கலாம்.

அடுத்து, படம் திரும்பிப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டை மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். பிறகு எந்த வரைபடத்திலும் அந்தத் தெரு அகப்படாது. பெயர்ப்பலகை தெரிந்தால் எழுத்தே காட்டிக்கொடுக்கும். பலகை இல்லாத தெருவில் மனிதர்களைப் பார்ப்பேன். வெற்று மார்போடு நடந்துவரும் ஒருவரின் பூணூல் வலது தோளில் கிடந்தால், அன்று அவர் வீட்டில் திதி என்று எண்ணுவதைவிடத் தகடு திரும்பியிருக்கிறது என்று எண்ணுவதே பொருத்தம். வண்டிகள் இடப்பக்கம் போகின்றனவா என்பது அதை உறுதிசெய்யும்.

உயரத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சென்னை தட்டையான ஊர் என்பது இங்கே பெரிய உதவி. சமதரையில் எடுத்த படத்தில் அடிவானக் கோடு எந்தப் பொருளை எந்த உயரத்தில் வெட்டிச் செல்கிறதோ, அந்த உயரத்தில்தான் கேமரா இருந்தது. தெருவில் அடிவானம் தெரியாது. ஆனால் கூரை விளிம்புகளையும் சாலை ஓரங்களையும் பென்சிலால் நீட்டினால் அவை கூடும் புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும். அந்தக் கோடு கிட்டே நிற்பவர், எட்டி நிற்பவர் எல்லாருடைய தலையையும் தொட்டுக்கொண்டு போனால் புகைப்படக்காரர் தரையில் நின்றார். ஜட்காவின் கூரைக்கு மேலே போனால் மாடியில் நின்றார். அப்படியானால் அந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு மாடிவீடு இருந்தாக வேண்டும்; அதில் ஏறி நிற்க அவருக்கு அனுமதியும் கிடைத்திருக்க வேண்டும். படத்தில் இல்லாத ஒரு கட்டடம் இப்படித்தான் படத்துக்குள் வந்துசேர்கிறது.

வெயிலையும் சும்மா விடக்கூடாது. மவுண்ட் ரோடு கோட்டைப் பக்கமிருந்து தென்மேற்காக ஓடுகிறது; கடற்கரைச் சாலையின் பெரிய கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை, காலையில்தான் அவற்றின் முகத்தில் வெளிச்சம் விழும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் சென்னை கிட்டத்தட்ட 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும்; அப்போது நிழல் தெற்கே விழும். ஐரோப்பிய ஊர்ப் படங்களைப் படித்துப் பழகியவர்கள் நண்பகல் நிழலை வடக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவார்கள். நம் ஊரில் மாதம் தெரியாமல் அப்படி வைக்க முடியாது. நிழல் குட்டையாக இருந்தால் அதை நான் திசைக்குச் சாட்சியாக எடுப்பதே இல்லை. நீண்ட நிழல்தான் நம்பத்தக்கது.

டிராம் தண்டவாளம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. மதராஸில் மின்சார டிராம் 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்றது. அது போன சாலைகள் கணக்கானவை. தண்டவாளம் ஒற்றையா இரட்டையா, எந்தப் பக்கம் வளைகிறது, கம்பம் நடுவில் நிற்கிறதா ஓரத்திலா என்று பார்த்தால் ஊர் முழுக்கத் தேட வேண்டியது இரண்டு மூன்று முனைகளுக்குச் சுருங்கும்.

தண்டவாளமே இல்லாத ஓர் அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘தெருக் காட்சி’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குறுகலான தெரு, இரு பக்கமும் தூண் வைத்த மாடிவீடுகள், திண்ணைகள், நடுவே ஒரு மாட்டுவண்டி. தெருவின் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் மூங்கில் கட்டியிருந்தது. கடைசியில், கூரைகளுக்கு மேலே, மங்கலாக ஒரு கோபுரம். பெரிதாக்கியபோது அது உயர்நீதிமன்றத்தின் பெரிய கோபுரம் என்று தெரிந்தது. உச்சியில் கலங்கரை விளக்கின் கூண்டு. நீதிமன்றக் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டது, விளக்கு 1894-ல் அதன் உச்சிக்குப் போனது. ஆக, படம் அதற்குப் பிந்தியது. தெரு அந்தக் கோபுரத்தை நோக்கித் தெற்கே ஓடுகிறது. ஜார்ஜ் டவுனில் வடக்கு தெற்காக ஓடி நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே வந்து முடியும் தெருக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: அங்கப்ப நாயக்கன் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு.

நேரில் போய் நின்றால் பயனில்லை. எல்லாத் தெருவிலும் இப்போது நாலு மாடி, ஐந்து மாடி; கோபுரம் எங்கிருந்தும் தெரியாது. டவுன் சர்வே படத்தை விரித்து, ஒவ்வொரு தெருவின் நடுக்கோட்டையும் தெற்கே நீட்டினேன். கோபுரம் அந்தக் கோட்டிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு விலகி நிற்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். அட்டையில் இருந்த விலகலோடு ஒப்பிட்டால் இரண்டு தெருக்கள்தான் தேறின. அதற்கு மேல் வரைபடம் வாய் திறக்கவில்லை.

அந்தப் பகுதி முழுக்க வக்கீல் ஆபீஸ்கள். ஒன்றில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்த பெரியவர் ஒருவரிடம் பெரிதாக்கிய பிரதியைக் காட்டினேன்.

“ஐயா, இது லிங்கிச் செட்டித் தெருவா, தம்புச் செட்டித் தெருவா?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வீடுகளைப் பார்க்கவில்லை, மூங்கிலைப் பார்த்தார்.

“தம்பி, இது பந்தலுக்குப் போட்ட மூங்கில். பாருங்க, மேல போகப்போக நெருக்கமா கட்டியிருக்கான். கோயில் அந்தப் பக்கம் இருக்கு. தம்புச் செட்டித் தெருன்னா அது காளிகாம்பாள் கோயில்.”

“லிங்கிச் செட்டித் தெருவிலும் மல்லிகேஸ்வரர் கோயில் இருக்கே ஐயா?”

“இருக்கு. நீங்க போய் அளந்து பாருங்க.”

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மூங்கில் நெருங்கும் இடத்துக்கும் தெருவின் தெற்கு முனைக்கும் உள்ள தூரத்தை அட்டையில் வீட்டு முகப்புகளை எண்ணியும், மனை அகலங்களைப் பழைய பிளாக் மேப்பில் கூட்டியும் கணக்கிட்டேன். தம்புச் செட்டித் தெருவில்தான் அது பொருந்தியது. பிறகு ஒரு விடிகாலையில் அங்கே போய், கேமரா இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றேன். அட்டையில் இருந்த வீடுகளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிர் வரிசையில் ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடத்தைவிட ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. அட்டையிலும் அதே இடத்தில் ஒரு வீடு அதே போல உள்வாங்கியிருக்கிறது. வீடு போய்விட்டது, அதை இடித்துக் கட்டியவர்கள் அதே எல்லையில் கட்டியிருக்கிறார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை விளக்க வேறு எதுவும் தோன்றவில்லை. தெரு தன்னைத்தானே ஒப்புக்கொண்டது.

நகர்ந்துபோகும் பொருள்களிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கார்ன்வாலிஸ் நினைவு மண்டபம் முதலில் தேனாம்பேட்டைப் பக்கம் இருந்தது; செனடாப் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு கடற்கரைச் சாலைக்குப் போய், இன்று கோட்டைக்குள் நிற்கிறது. அதை ஒரு படத்தில் பார்த்து இடத்தை முடிவுசெய்யக் கூடாது; ஆனால் இடம் வேறு வழியில் தெரிந்துவிட்டால் அது காலத்தைச் சொல்லிவிடும். ஸ்பென்சர் அருகே மவுண்ட் ரோட்டில் நின்ற, பிரிட்டிஷ் தளபதி நீலின் சிலையும் அப்படியே. 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி ஆட்சியில் எடுக்கப்பட்டது. சிலை தெரிந்தால் படம் அதற்கு முந்தியது. கடலும் நகரும் பொருள்தான். 1870-களில் துறைமுக வேலை தொடங்கிய பின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. சாலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் என்று பார்த்தே கடற்கரைப் படங்களை வயதுவாரியாக அடுக்க முடிகிறது.

தபால் முத்திரையை வைத்துப் படத்துக்குத் தேதி போடுபவர்கள் உண்டு. முத்திரை சொல்வது அட்டை அனுப்பிய நாளை. கண்ணாடித் தகடுகள் ஸ்டூடியோவில் பல வருடம் பத்திரமாக இருக்கும், கேட்கும்போதெல்லாம் அச்சிடுவார்கள். எனவே முத்திரை, ‘இதற்குப் பிந்தி எடுத்திருக்க முடியாது’ என்ற ஒரு வரம்பை மட்டும் தரும். மறு வரம்பைப் படமே தர வேண்டும். கடைப்பலகைகள் இதில் கைகொடுக்கும். மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சேரும் முனையில் உள்ள உயர்ந்த கட்டடம், டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காக 1897-ல் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போய், கடைசியில் எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006-ல் அதை இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். ஒரே முகப்பு, அட்டைக்கு அட்டை வேறு பலகை. எந்தக் கம்பெனி எந்த வருடம் எந்த முகவரியில் இருந்தது என்பதற்கு அசைலம் பிரஸ் அல்மனாக் போன்ற பழைய ஆண்டு மலர்கள் இருக்கின்றன. அவற்றோடு உட்கார்ந்தால் பத்து வருட இடைவெளியை மூன்று நான்கு வருடமாகக் குறைக்க முடிகிறது.

அட்டையின் பின்பக்கத்தையும் படிப்பேன். அனுப்பியவர் சில சமயம் முன்பக்கப் படத்தில் ஒரு ஜன்னலின் மேல் பேனாவால் சின்னப் பெருக்கல் குறி போட்டிருப்பார்; அது அவர் தங்கியிருந்த அறை. பல்லாயிரம் மைல் தள்ளி இருந்த ஒரு தாய்க்கோ தங்கைக்கோ போட்ட அந்தக் குறி, அந்த மாடி ஓட்டலா, மடமா, குடியிருப்பா என்று எனக்கும் சொல்லிவிடுகிறது.

ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் உறை வைத்திருக்கிறேன். அதன் மேல் பென்சிலில் மட்டுமே எழுதுவேன். அச்சிட்ட பெயரைத் தனியாக, மேற்கோள் குறிக்குள். மற்றதெல்லாம் அதற்குக் கீழே: நின்ற இடம், பார்வைத் திசை, கேமரா உயரம், முன் வரம்பு, பின் வரம்பு, ஒவ்வொன்றுக்கும் என்ன சாட்சி. தம்புச் செட்டித் தெரு அட்டையின் உறையில் இப்போது இருப்பது இவ்வளவு: ‘தெருவின் கிழக்கு ஓரம், தரைமட்டம், தெற்கு நோக்கி. நிழல் மேற்கே, நீளம், காலை. 1894-க்குப் பின். பந்தல் மூங்கில், பெரியவர் சொன்னது. உள்வாங்கிய எல்லை, நேரில் பார்த்தது.’ பின் வரம்புக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை. இடப்பக்க மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. கொலோடைப் என்பதால் எழுத்தின் தலைக்கட்டு வரை தெரிகிறது. இன்னும் நல்ல பிரதி ஒன்று கிடைத்தால் படித்துவிடலாம்.