மடியும் இருக்கையும்

மடியைவிடப் பத்திரமான இடம் குழந்தைக்கு இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் காரில் புறப்பட்டால் பேத்தி தன் மடியில்தான் என்பது அம்மாவின் வழக்கு. ஆனால், 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்திலொரு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ பாரத்தின் விசையோடு முன்னே பாயும். எந்தக் கை தாங்கும்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த 1,000 ரூபாய் அபராதம் இதன்முன் அற்பம்.

ஆகவே குழந்தை இருக்கை தேடினோம். விலை குறைந்தவற்றுள் ஐ.நா. தர விதி 44 அல்லது 129இன் முத்திரை உள்ளவற்றையே பார்த்தோம். மெத்தையும் கோப்பைக் குழியும் விற்பனையாளரின் கவிதை! விபத்துக்குள்ளானதா என்று தெரியாத பழைய இருக்கை, பாதி விலையானாலும், வேண்டாம் என்றோம். பின்னோக்கிப் பொருத்துவதே பிஞ்சுக் கழுத்துக்கு நல்லது. இறுக்கிக் கட்டியபின் அடிப்பாகத்தை அசைத்துப் பார்த்தோம்; ஓர் அங்குலத்துக்குமேல் நகரக்கூடாது.