வல்லை வெளிக்கு இப்பால் ஒரு தரிப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி ஏறக்குறைய 20 மைல் நீளமுடையது. கோப்பாயைத் தாண்டியதும் நீர்வேலியின் செம்மண்ணும் வாழைத்தோட்டங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. அக்காட்சியை நாம் அன்று வேண்டிய மட்டும் பருகினோம். எமது வண்டி அவ்வளவு மெதுவாகவே ஊர்ந்தது!

வண்டி ஒரு மொறிஸ் மைனர். 1956 முதல் 1962 வரை பூட்டப்பட்டு வந்த 948 சீ.சீ. எஞ்சினையுடையது. கலியாண ஓட்டமே சாரதியாரின் சீவனம். கைச்சேமிப்பைக் கொட்டி எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. மறுநாட் காலை மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும். புத்தூரை அணுகியபோது றேடியேற்றரில் ஆவி கிளம்பவே, அவர் முகம் வாடிவிட்டது. மீண்டும் பிரிப்பதென்றால் அவரிடம் பணமேது?

அவரங்காலில், வீதியோரக் கராஜொன்றிலிருந்த முதியவர் எஞ்சினைச் சற்றே ஓடவிட்டுக் காது கொடுத்தார்.

“எஞ்சினிலை ஒரு பிழையுமில்லைத் தம்பி. நெருப்புத்தான் பிந்தி விழுகுது.”

சூடு தணியும்வரை காத்திருந்து, முதலாம் பிளக்கைக் கழற்றித் துளையைப் பெருவிரலால் மூடி, கைபிடியால் எஞ்சினைச் சுழற்றுவித்தார். அமுங்கிய காற்று விரலைத் தள்ளியதும், முன்சில்லின் வெட்டைக் குறிமுனைக்கு நேரே நிறுத்தினார். பொயின்றுக்குக் குறுக்கே சிறு பல்பொன்றை இணைத்தார். பொயின்று பிரியும் கணத்தில் அது எரியவேண்டும், எரியவில்லை. வெட்டு அப்பாற் சென்ற பின்னரே எரிந்தது. புதிய பொயின்றின் குதி தேய்ந்து படிந்ததால் இடைவெளி குறுகி, தீப்பொறி தாமதித்திருக்கிறது. பொறி பிந்தினால் வலு குன்றும், சூடு மிகும்.

இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக்கிய பின்னரே அவர் டிஸ்ரிபியூட்டரைத் தொட்டார். இந்த ஒழுங்கு மாறினால் வேலை வீண். உள்ளே றோட்டர் சுழலும் திசைக்கு எதிராக உடலை மயிரிழை திருப்பினார். பல்பு உரிய இடத்தில் எரிந்தது. மிகைப்படத் திருப்பினால் எஞ்சின் ‘டக், டக்’ என்று தட்டும்; பிஸ்டனுக்கு அது கேடு.

அவரது செவி எங்கே பழகியதென்று வினவினோம். 1990களில் பெற்றோல் குடாநாட்டுக்கு வராதிருந்த காலம். சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் எளிதில் தட்டுமாகையால், பொறியை வேண்டுமென்றே பிந்த வைத்தார்களாம். ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு என்பதைக் காதே சொல்லியது. நூலிற் படித்தறிய முடியாத வித்தை!

கூலியாக அவர் கேட்டது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். அதற்கப்பால் வல்லை வெளி. மரமில்லை, மனையில்லை, உவர்நிலமும் நீரும் வானமுமாக விரிந்து கிடக்கிறது. எதிர்க்காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளிற்று. சாரதியார் மூன்றாம் கியருக்கு இறக்கவேயில்லை. நெல்லியடி வருமுன்னரே, நாளைய மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.